அம்மாவின் கிளினிக் கொப்பி

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாடசாலை நினைவுகளைப் பேசப் பலர் இருக்கிறார்கள், நீங்கள் உங்கள் தொழிலோடு சேர்ந்த ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள் என்று செயற்குழுவினர் என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். நான் ஒரு வைத்தியர். கண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வரும் வயோதிபர்களைப் பார்ப்பதே என் வேலையின் பெரும்பகுதி. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, வத்தேகாமம், பன்வில, மடுல்கலை என்று அவர்கள் சொல்லும் ஊர்ப் பெயர்கள் இந்த மண்டபத்தில் இருக்கும் பலருடைய ஊர்ப் பெயர்கள். அவர்கள் உங்கள் தாய் தந்தையர், மாமன் மாமியர், பெரியம்மாமார். ஆகவே அவர்களைப் பற்றிப் பேசுவது இந்த விழாவுக்குப் பொருத்தமாகவே இருக்கும் என்று நம்புகிறேன்.

நம் ஊர்களில் நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை உண்டு. “உழைத்த உடம்புக்கு வருத்தம் வராது” என்பார்கள். பிரஷரும் சீனி வருத்தமும் கொழும்பிலே கதிரையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு வருவது, மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு அது எப்படி வரும் என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியில் ஓரளவு நியாயமும் உண்டு. 2005ஆம், 2006ஆம் ஆண்டுகளில் நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், 20 வயதுக்கு மேற்பட்டவர்களுள் நகரத்தில் 16.4 வீதமானோருக்கும் கிராமப்புறத்தில் 8.7 வீதமானோருக்கும் நீரிழிவு இருந்தது. நகரத்தில் ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் கணக்கை இன்னொரு விதமாகவும் பார்க்க வேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நம் நாட்டில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் கிராமங்களிலும் தோட்டங்களிலும் வாழ்கிறார்கள். எனவே வீதம் குறைவாக இருந்தாலும், தலைகளை எண்ணினால் நகரத்து நோயாளரைவிடக் கிராமத்து நோயாளரே அதிகம். அதே ஆய்வில் நீரிழிவு கண்டறியப்பட்டவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோருக்குத் தமக்கு அந்த வருத்தம் இருப்பதே அதுவரை தெரிந்திருக்கவில்லை.

பின்னர் நிலைமை இன்னும் மோசமாயிற்று. 2021இல் சுகாதார அமைச்சு நடத்திய கணக்கெடுப்பின்படி, 18 முதல் 69 வயது வரையானவர்களுள் மூவரில் ஒருவருக்கு உயர் குருதியமுக்கம், அதாவது பிரஷர் இருக்கிறது. ஏழு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. இவை வயதோடு கூடும் வருத்தங்கள். 2012இலேயே நம் நாட்டில் எட்டுப் பேரில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர். இளையவர்கள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் கனடாவுக்கும் போய்விட்ட மலைக் கிராமங்களில் இந்தப் பங்கு எவ்வளவு கூடியிருக்கும் என்பதை ஊருக்குப் போய்வரும் நீங்களே அறிவீர்கள்.

உழைத்த உடம்புக்கு இது ஏன் வருகிறது? கொழுந்து எடுத்த ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். முப்பது நாற்பது வருடங்களாக விடியற்காலை பிரட்டுக்குப் போய், மழையிலும் பனியிலும் சரிவு ஏறி, கொழுந்தைச் சுமந்து இறங்கியவர். அந்த உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு கோதுமை மா ரொட்டியும், உறைப்பான சம்பலும், சீனி போட்ட தேநீரும். அன்று அந்த மாவும் சீனியும் மலையிலேயே எரிந்துபோயின. வேலையிலிருந்து நின்ற பிறகு அவர் லயத்திலே பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார். மலை ஏறுவது நின்றுவிட்டது. ஆனால் ரொட்டியின் எண்ணிக்கையும் தேநீரின் இனிப்பும் குறையவில்லை. நாளொன்றுக்கு ஆறு கோப்பைத் தேநீர், கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டிச் சீனி என்றால் பன்னிரண்டு தேக்கரண்டி. அது 50 கிராமுக்கு மேல் வரும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கான எல்லையாகச் சொல்லும் அளவு தேநீரிலேயே தீர்ந்துவிடுகிறது. பிஸ்கட்டும் பணிஸும் அதற்கு மேலே. உப்பும் அப்படியே. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். நம் நாட்டவர் சராசரியாகச் சாப்பிடுவது ஏறக்குறைய 8 கிராம். சம்பல், கருவாடு, ஊறுகாய், ரொட்டிக்குப் பிசையும் மா என்று அது பல வழிகளில் உள்ளே போகிறது.

வயல் கிராமங்களிலும் கதை இதுதான். மாட்டுக்குப் பதிலாகக் கை உழவு இயந்திரம் வந்தது, சந்திக்கு நடந்து போன இடத்துக்கு முச்சக்கர வண்டி வந்தது. இவை வாழ்க்கையை இலகுவாக்கிய நல்ல மாற்றங்கள். ஆனால் சோற்றுத் தட்டு மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது.

“டொக்டரம்மா, நான் மெலிஞ்ச ஆள்தானே, எனக்கு எப்படிச் சீனி வரும்?” என்று கேட்பவர்கள் பலர். நம் தெற்காசிய உடம்பில் கைகால் மெலிந்திருந்தாலும் கொழுப்பு வயிற்றிலே தங்கும். அதனால்தான் நமக்கு நிறையைவிட இடுப்புச் சுற்றளவு முக்கியம். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர் என்பது நமக்கான எல்லை. தையல் நாடா இல்லாத வீடு இல்லை. அளந்து பார்க்கலாம். இடுப்புச் சுற்றளவு, குருதியமுக்கம், குருதியில் சீனி, ட்ரைகிளிசரைட் என்னும் கொழுப்பு ஆகிய நான்கும் கூடி, நல்ல கொலஸ்திரோல் குறைவதையும் சேர்த்து ஐந்து அடையாளங்கள் உண்டு. இவற்றில் மூன்று ஒருவரிடம் சேர்ந்தால் மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொன்றும் எல்லையைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கும். சேர்ந்து நிற்பதுதான் ஆபத்து.

இங்கிலாந்திலே டேவிட் பார்க்கர் என்னும் வைத்தியர் 1980களில் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் பகுதியின் பழைய பிறப்புப் பதிவேடுகளைத் தேடி எடுத்து ஆராய்ந்தார். குறைந்த நிறையோடு பிறந்து, முதல் வருடத்தில் சரியாக வளராத குழந்தைகள் பெரியவர்களானபோது இதய நோயால் இறப்பது அதிகம் என்று கண்டார். வயிற்றிலிருக்கும்போதே பற்றாக்குறைக்குப் பழகிய உடம்பு, பிற்காலத்தில் கிடைக்கும் மாவையும் சீனியையும் தாங்கமாட்டாது என்பது அவருடைய விளக்கம். நம் நாட்டில் நிறை குறைந்த பிறப்புகள் அதிகமாக இருப்பது தோட்டப்புறத்தில். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்கள் பட்ட பாட்டை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள் இப்போது ஐம்பது வயதைக் கடந்துவிட்டார்கள். அவர்களை நாம் இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வருத்தங்களுக்கு நோவு இல்லை. தோட்டத்துப் பீலியிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் எடுக்கும் இறப்பர்க் குழாயைப் பார்த்திருப்பீர்கள். புதிதாக இருக்கும்போது வளையும், தண்ணீரின் வேகத்துக்கு ஏற்ப இடம் கொடுக்கும். வெயிலில் கிடந்து பழசானால் விறைத்துப்போகும். அதே தண்ணீர் இப்போது குழாயின் சுவரை மோதும். ஒரு நாள் ஏதோ ஓரிடத்தில் வெடிக்கும். நம் இரத்தக் குழாய்களும் வயதோடு அப்படித்தான் விறைக்கின்றன. வெடிக்கிற நாள்வரை தலைவலிகூட இல்லாமல் இருக்கலாம். தலை சுற்றினால்தான் பிரஷர் என்று நினைப்பது தவறு. அளந்தால் மட்டுமே தெரியும். 140க்கு 90 என்ற அளவைத் திரும்பத் திரும்பத் தாண்டினால் உயர் குருதியமுக்கம். வெறுவயிற்றில் சீனி 126க்கு மேல் இருந்தால் நீரிழிவு. இந்த இரண்டு அளவுகளையும் இன்றைய மாணவிகள் வாய்ப்பாடு போல் மனதில் வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் இந்த வருத்தங்களைக் கண்டுபிடிக்கக் காசு தேவையில்லை. 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் இருக்கின்றன. 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் பிரதேச வைத்தியசாலைகள்வரை திறக்கப்பட்டிருக்கின்றன. 35 வயதைத் தாண்டிய யாரும் அங்கே போய்ப் பிரஷரையும் சீனியையும் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். குளிசையும் இலவசம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்ததும், பலர் பாமசியில் வாங்க வழியின்றி நிறுத்தியதும் உண்மை. ஆனால் மருந்து கையில் கிடைத்த காலத்திலும் நான் கண்ட பெரிய இடையூறு வேறு. கிளினிக்குக்கும் வீட்டுக்கும் இடையில் நூல் அறுந்துபோகிறது.

“இப்ப நல்லா இருக்கேன் டொக்டரம்மா, அதான் குளிசைய நிப்பாட்டிட்டேன்” என்று அம்மாமார் சொல்லும்போது அதில் பொய்யில்லை. காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்தைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்தியே பழகியவர்கள் அவர்கள். பிரஷர்க் குளிசை போடுவதால்தான் பிரஷர் இறங்கியிருக்கிறது, நிறுத்தினால் ஏறிவிடும் என்பதை அவர்களுக்கு விளங்கும் மொழியில், அவசரமில்லாமல், யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. வேறு காரணங்களும் உண்டு. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே வருத்தம் என்று ஒருவருடைய குளிசையை இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒரே மருந்து இரண்டு பெயர்களில் இரண்டு இடங்களில் கிடைக்க, இரண்டையும் போடுவார்கள். கிளினிக் நாளில் வெறுவயிற்றோடு இருட்டில் பஸ் ஏறுவார்கள். அன்று பிரஷர்க் குளிசையையும் போடமாட்டார்கள். பதினொரு மணிக்கு அளக்கும்போது பிரஷர் ஏறியிருக்கும், மருந்தின் அளவும் கூட்டப்படும். வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, பரிசோதனை நாளில் பிரஷர்க் குளிசையைத் தண்ணீருடன் போடலாம். சீனிக் குளிசையை மட்டும் சாப்பிடும்வரை வைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் சான்று அந்தக் கிளினிக் கொப்பி. எந்த மருந்து, எத்தனை, எப்போது, அடுத்த திகதி எது என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில், அவசர எழுத்தில் இருக்கிறது. அந்தத் தாய்க்கு அதை வாசிக்கத் தெரியாது. பொலித்தீன் பையில் சுற்றி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருப்பார். வாசிக்கத் தெரிந்த மகள் அதே வீட்டில் இருப்பாள், அல்லது தொலைபேசியில் தினமும் பேசுவாள். அவள் அந்தக் கொப்பியை ஒருமுறைகூடத் திறந்து பார்த்திருக்கமாட்டாள்.

சகோதரிகளே, ஒரு நூற்றாண்டாக இந்தப் பாடசாலை நமக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது. அந்த வாசிப்பை அம்மாவின் கொப்பிக்கும் செலவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இதனால் பலன் உண்டா என்று கேட்பீர்கள். இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில், 40 வயதைத் தாண்டிய 2,645 பிரஷர் நோயாளரை வைத்து இரண்டு வருட ஆய்வொன்று நடந்தது. அதன் முடிவு 2020இல் வெளியாயிற்று. பாதிக் கிராமங்களில் அரச சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று பிரஷரை அளந்தார்கள், சாப்பாடு பற்றியும் குளிசை பற்றியும் பேசினார்கள், தேவையானவரை வைத்தியரிடம் அனுப்பினார்கள். மற்றக் கிராமங்களில் வழக்கமான சிகிச்சை மட்டும். வீடு தேடிச் சென்ற கிராமங்களில் மேல் அளவு மற்றவற்றைவிட 5 அலகு அதிகமாகக் குறைந்தது. 5 அலகு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஊர் முழுவதும் 5 அலகு குறைந்தால் பாரிசவாதத்தில் விழுபவர் தொகை கணிசமாகக் குறையும். அங்கே புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. யாரோ ஒருவர் திரும்பத் திரும்ப வந்து கேட்டார், அவ்வளவுதான்.

பெண்கள் சங்கம் இதில் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் பின்லாந்திலே இருக்கிறது. அங்கே வட கரேலியா என்னும் கிராமப்புற மாகாணத்தில் ஆண்கள் நடுவயதிலேயே மாரடைப்பால் இறந்துகொண்டிருந்தார்கள். மக்களே அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுத, 1972இல் ஒரு திட்டம் தொடங்கியது. அதற்குக் கைகொடுத்தவர்கள் மார்த்தா என்னும் இல்லத்தரசிகள் சங்கத்தார். ஊர் ஊராக விருந்து வைத்து, வழக்கமான உணவையே கொழுப்பும் உப்பும் குறைத்து, மரக்கறி கூட்டிச் சமைத்துக் காட்டினார்கள். நாற்பது வருடங்களில் அங்கே உழைக்கும் வயது ஆண்களின் இதய நோய் மரணம் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்தது. நமக்கும் வழி அதுதான். அம்மாவின் ரொட்டியைப் பறிக்க வேண்டாம். மூன்றை இரண்டாக்கி, பக்கத்தில் ஒரு கை வல்லாரைச் சம்பலோ முருங்கையிலையோ வைக்கலாம். முடிந்தபோது மாவில் பாதி குரக்கன் சேர்க்கலாம். தேநீர்ச் சீனியை மாதத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தால் நாக்குப் பழகிவிடும். வெற்றிலையை விட முடியாவிட்டாலும் புகையிலையை விடச் சொல்லலாம்.

கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குழறினால் அது பாரிசவாதம். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் அவகாசம். எண்ணெய் பூசிக்கொண்டு விடியும்வரை காத்திருக்காமல் உடனே 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும். அந்த நேரம் தவறி ஒரு தாய் படுக்கையில் விழுந்தால், அவரைத் தூக்கிக் கழுவி உணவூட்ட ஒருவர் வேண்டும். மகன் வேலைக்குப் போவான், மருமகள் கொழுந்துக்குப் போவாள். பாடசாலையிலிருந்து நிற்பவள் பேத்தி. சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளைகள் வைத்தியசாலைக் கட்டிலருகே நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பெண்பிள்ளைகளின் படிப்புக்காக நூறு வருடம் நின்ற ஒரு பாடசாலையின் மாணவிகளுக்கு இதற்கு மேல் நான் காரணம் சொல்லத் தேவையில்லை.

வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். “சாப்பிட்டீங்களாம்மா?” என்று கேட்ட பிறகு இன்னும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இன்றைக்குக் குளிசை போட்டீங்களா? எத்தனை நாளைக்கு மிச்சம் இருக்கு? அடுத்த கிளினிக் எப்ப? கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது சொக்லேட் டின்னுக்குப் பதிலாக, மேற்கையில் கட்டி அளக்கும் பிரஷர் மெஷின் ஒன்று கொண்டுவாருங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கால் தரையில் பட, கையை மேசையில் வைத்து அளக்கப் பேரப்பிள்ளைக்குக் காட்டிக் கொடுங்கள். அளவைக் கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழும்பி நிற்கும்போது தலை சுற்றுகிறது என்றாலோ, சாப்பாடு பிந்தும்போது வேர்த்து நடுங்குகிறது என்றாலோ மருந்து கூடிவிட்டதா என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும். வயோதிபருக்கு அளவு மிகையாக இறங்குவதும் ஆபத்து. அப்பாவை மறக்க வேண்டாம். பரிசோதனைக்கு வருபவர்களில் ஆண்கள் மிகவும் குறைவு.

நிறைவாக நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. நூற்றாண்டை முன்னிட்டு இலவச மருத்துவ முகாம் ஒன்று நடத்தலாம் என்று பேசப்படுவதாக அறிகிறேன். நல்ல எண்ணம். ஆனால் ஒரு நாள் முகாமில் முந்நூறு பேருக்கு அளந்து, “உங்களுக்குப் பிரஷர்” என்று சொல்லிவிட்டு நாம் பஸ் ஏறிவிட்டால், அவர்கள் பயத்தோடு வீட்டுக்குப் போவார்கள், அவ்வளவுதான். அதைவிட ஒரே ஒரு தோட்டத்தைத் தெரிந்தெடுப்போம். சுகாதார வைத்திய அதிகாரியின் அனுமதியோடு, அங்குள்ள குடும்பநல உத்தியோகத்தரையும் தோட்ட மருத்துவ உதவியாளரையும் சேர்த்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, வருடத்தில் நான்கு போயா நாட்களில், அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போவோம். அறுபது வீடுகள் போதும். உயர்தர வகுப்பு மாணவிகள் எங்களோடு வரட்டும். கொப்பியை வாசித்து, எந்தக் குளிசை எப்போது என்று பெரிய தமிழ் எழுத்தில், சூரியனும் நிலவும் வரைந்து, ஒரு அட்டையில் எழுதிக் கொடுக்கட்டும். செலவு முகாமைவிடக் குறைவு. முதல் நாளுக்கு நான் வருகிறேன். மற்ற மூன்று நாட்களுக்கும் வர விரும்புகிறவர்கள், தேநீர் இடைவேளையில் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.